கத்தியின் பிடியோரத்து அம்பு

மகனே,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ பட்லர் வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவாய் என்று சொன்னேன், கட்டினாய். கட்டின பிறகு இந்தத் தூத்துக்குடி உனக்குச் சின்னதாகப் போய்விடும் என்று சொன்னேன், இதோ கொழும்புத் துறைமுகப் பட்டறையில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். யுத்தம் முடியப் போகிறது என்றுகூடப் பேப்பர்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் தூக்குகிறவர்கள் முதுகு வளைகிற தினுசைப் பார்த்தே சொன்னேன். உன் சித்தி ஒருத்திதான் அதற்குச் சாட்சி, அவள் இப்போது ஞாபகமில்லை என்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம்தானே என்று தாண்டித் தாண்டிப் படிக்காதே. எனக்குக் கற்றுக்கொடுக்க வாத்தியாரிடம் அதற்குமேல் சரக்கு இல்லை என்பதால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். படகில் போய்க் கப்பலில் ஏறி, பாய் விரித்து உட்கார்ந்த பிறகு இதைப் பிரி. கூட வரும் வெளியூர்க்காரர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டு, அவர்களுக்கும் பொழுது போகும். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பதை நானே சொல்கிறேன்.

உன் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாய். என் அண்ணன் பிள்ளை என்று தூக்கி வந்தேன், என் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டாய். நீ சித்தப்பா என்று கூப்பிட்டாலும் நான் மகனே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஆகவே ஒரு அப்பன் ஊர்விட்டுப் போகிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சந்தேகப்படு. கொழும்பில் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று யோசி. சோற்றுக் கடையில் கேட்காமலே குழம்பை அதிகமாக ஊற்றினால் உள்ளே கிடக்கிற மீன் நேற்றையது என்று தெரிந்துகொள். மீன்காரி செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினால், அவள் காட்டாத வயிற்றுப் பக்கத்தை நீ அமுக்கிப் பார். வேலையில் சேர்ந்த அன்றே தோளில் கை போடுகிறவன் உன் சுத்தியலைக் கேட்கத்தான் வருகிறான். நான் இப்படிச் சந்தேகப்பட்டே காலம் தள்ளியவன். போர்த்துக்கல் கொடி போட்ட ஒரு கப்பலின் கேப்டனே என் பட்டறைக்கு வந்து நங்கூர வளையத்துக்காகக் கை கட்டி நின்றபோதுகூட, இவன் எதற்கு இத்தனை மரியாதை கொடுக்கிறான் என்றுதான் நான் முதலில் யோசித்தேன்.

ஆளைவிட இரும்பை அதிகம் சந்தேகப்பட வேண்டும். இதை நான் சொல்லி நீ கற்றுக்கொள்ளவில்லை, நீயாகவே செய்தாய், அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் சேரும். லாரியின் வில்லுப் பட்டை நல்ல எஃகுதான்; ஆனால் வருஷக்கணக்கில் பாரம் தாங்கிக் குதித்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கும். கத்தியாக அடித்து, தீட்டி, பிடி போட்ட பிறகு ஒருநாள் வஞ்சிர மீனின் முதுகெலும்பில் பட்டு அது இரண்டாக விண்டு போகும். அதனால் நீ என்ன செய்தாய்? பட்டையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்து, காய்ந்த சுண்ணாம்புத் தூளைத் தடவி வெயிலில் வைத்தாய். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு விழும். கோடு விழுந்த இடத்தை வெட்டித் தள்ளினாய். கோடு விழாத இடத்தைத்தான் உலையில் வைத்தாய். மனிதர்கள் மேல் தடவிப் பார்க்கவும் இப்படி ஒரு சுண்ணாம்பு இருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்.

கப்பலில் கேட்கிறவர்களுக்குக் கதை தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தம் முடிந்த மறுவருஷம். சீமையிலிருந்து கத்தி, கரண்டி, ஆணி எதுவும் வருவதில்லை. பீச் ரோட்டில் ஒரு துரை பங்களா. அதில் பட்லராக இருந்தவர்தான் இன்றைக்கு உன் மாமனார். பங்களாக் குசினியில் இருந்த சீமைக் கத்தி தேய்ந்து தேய்ந்து ஈர்க்குச்சி ஆகிவிட்டது. துரைக்கு இறைச்சியைக் காகிதம் மாதிரி நறுக்கிப் போட வேண்டும். பட்லர் ஊரில் இருக்கிற பட்டறைகளையெல்லாம் விட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார். மற்ற பட்டறைகள் அன்றைக்கு மூடிக் கிடந்தன என்று சிலர் சொல்வார்கள். மூடித்தான் கிடந்தன, ஆனால் திறந்திருந்தாலும் என்னிடம்தான் வந்திருப்பார். ஏற்கெனவே உனக்கும் அவர் மகள் மரியபுஷ்பத்துக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா மணப்பாட்டுக்காரி. மாப்பிள்ளை பொழைச்சுக்கிடுவானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆகவே அந்தக் கத்தியை நீயே தனியாக அடிக்கட்டும் என்று நான் உத்தரவு போட்டேன்.

நீ அடித்த அழகை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சிரட்டைக் கரி போட்டு, துருத்தியை உன் சித்தி இழுக்க, பட்டை செக்கச் சிவந்து வந்ததும் குறட்டில் பிடித்து அடைகல்லில் வைத்து, உளியால் நீளத்துக்கு வெட்டினாய். பிறகு விழுந்த சம்மட்டிச் சத்தம் மாதா கோவில் மணியை அமுக்கிவிட்டது, சாமியாரே வெளியே வந்து பார்த்தார். நுனிக்குப் போகப் போக மெலிவு, முதுகில் மட்டும் கனம், வாய்ப் பக்கம் வெற்றிலை மாதிரி. தோய்ச்சலுக்குத் தண்ணீரில் போட்டால் வில்லு எஃகு படீரென்று வெடிக்கும் என்று தெரிந்து, மீன்காரர்கள் தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயை வாங்கி வந்து அதில் இறக்கினாய். எழுந்த நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடித்தது. அப்புறம் மறுபடி மெல்லச் சூடு காட்டி, வாய் தேன் நிறத்துக்கு வந்த கணத்தில் எடுத்தாய். ஒரு மூச்சு பிந்தியிருந்தால் நீலம் ஏறி வாய் செத்திருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நமக்குள் வாக்குவாதம் வந்தது. பிடிக்குப் பக்கத்தில் பட்டையில் ஒரு முத்திரை இருந்தது, கோழிக்கால் மாதிரி ஒரு அம்பு. நீ, "சித்தப்பா, இதை அடிச்சு அழிச்சிரட்டுமா?" என்று கேட்டாய். நான் விடவில்லை. நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் உள்ள வழக்கம் அது. சீமை முத்திரை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுத்தியல் படாமல் விட்டுவிடுவோம். வாங்க வருகிறவன் கத்தியைத் திருப்பி அந்த முத்திரையைத்தான் பார்ப்பான். இங்கிலீஷ் எழுத்தோ அம்போ யானையோ, எது இருந்தாலும் அவனுக்கு அது அசல் சரக்கு. நமக்கும் படிக்கத் தெரியாது, அவனுக்கும் படிக்கத் தெரியாது. வியாபாரம் சுமுகமாக நடக்கும். அந்த அம்பு சீமையில் பெரிய கம்பெனியின் அடையாளம் என்று நானே பட்லரிடம் விளக்கம் சொன்னேன். கம்பெனி முதலாளி வில்வித்தையில் கெட்டிக்காரன் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

பட்லர் கத்தியை வாங்கிக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு கேட்க வேண்டும், அது நம் முறை. முதல் ஞாயிறு நீ புதுச் சட்டை போட்டு முன்னால் நின்றாய். மறு ஞாயிறும் அதே சட்டையைத் துவைத்துப் போட்டு நின்றாய். சாமியார் மற்ற பெயர்களையெல்லாம் வாசித்தார், உங்கள் பெயரை வாசிக்கவில்லை. கோவிலில் இருந்த பெண்கள் முக்காட்டுக்குள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஓலை ஒரு வாரம் நின்றால் ஊர் ஒரு காரணம் கண்டுபிடிக்கும். நம் ஊர் அன்று மத்தியானமே கண்டுபிடித்துவிட்டது: பையன் களவாணி.

அப்படி ஊர் சொன்னதற்கும் ஒரு நூல் இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பட்டாளத்து லாரிக் கொட்டகை இருந்தபோது நீ அங்கே கூலிக்கு வேலை பார்த்தாய். கொட்டகையைக் கலைக்கும்போது சாமான்கள் காணவில்லை என்று ஒரு போலீஸ்காரர் கடைகடையாக ஏறி இறங்கினார். நம் பட்டறைக்கும் வந்து, உலையைப் பார்த்து, உன்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். ஒன்றும் சொல்லாமல் போகிறவன்தான் எல்லாம் தெரிந்தவன். அந்த நேரத்தில்தான் ஓலையும் நின்றது.

திங்கட்கிழமை பட்லர் வந்தார். மகனே, சந்தேகப்படுவதில் எனக்கு ஈடாக நான் வாழ்க்கையில் கண்ட ஒரே ஆள் உன் மாமனார்தான். பங்களாவுக்கு வரும் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார், பால்காரன் கையைக்கூட மோந்து பார்ப்பார். உன் சித்தி காப்பி கொடுத்தாள். அதை அவர் முதலில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகுதான் குடித்தார். நான் அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் துணியில் சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. இதுக்கு இரும்பு எங்கன கெடச்சுது?"

"இரும்புக் கடைலதான். பின்ன, நாட்டுக்கோழிக்குள்ளயா இருக்கும்?"

"எந்தக் கடைல?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ, காயலான் கடை மீரான் காக்கா கொடுத்தது என்று சொன்னாய். காயல்பட்டினத்துக்காரர், ஸ்டேஷன் பக்கம் பழைய இரும்பு போட்டு வைத்திருப்பவர், எல்லோருக்கும் தெரிந்த ஆள்.

பட்லர் தலையை ஆட்டினார். "காக்கா ஊர்ல இல்ல. கோழிக்கோட்டுல மக வீட்டுக்குப் போயிருக்காராம். நான் விசாரிச்சுட்டுத்தான் வாரேன்."

அதற்குமேல் அவர் சொன்னதைத்தான் என்னால் கடைசி வரை மறக்க முடியாது. துரை பங்களாவுக்கு வருமுன்னால் அவர் பட்டாளத்து அதிகாரிகளின் குசினியில் சட்டி தூக்கியவர். அந்த அம்பு கம்பெனி அடையாளம் இல்லை, கவர்மெண்ட் அடையாளம். பட்டாளத்துச் சாமானில் மட்டும் அடிப்பது. ஆகாத சாமானை ஏலத்தில் விற்கும்போது, அதே அம்புக்கு எதிரில், மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி இன்னொரு அம்பு அடித்துத்தான் வெளியே விடுவார்கள். அவர் கண்ணால் பார்த்தது; சட்டிகளில்கூட அப்படி அடிப்பார்களாம். அவர் விரலை அம்பின் மேல் வைத்தார்.

"ரெண்டு இருந்தா ஏலம். ஒண்ணு இருந்தா களவு. இதுல ஒண்ணுதான் இருக்கு. தொரை கண்ணுல இது பட்டா என் சோத்துல மண்ணு. அத விடுங்க. என் மகள நான் எங்க குடுக்கேன்னு எனக்குத் தெரியணும்லா."

நீ எழுந்து நின்றாய். முகம் உலை மாதிரி இருந்தது. அந்தப் பட்டையின் மிச்சத் துண்டு பட்டறையில்தான் எங்கேயோ கிடக்கிறது, வெட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் மற்ற அம்பு இருக்கும், தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேடினாய். கரிக் குவியலைப் புரட்டினாய், துருத்திக்கு அடியில் கையை விட்டாய், ஆணிப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்தாய். பட்லர் காத்திருந்தார். உனக்குக் கிடைக்கவில்லை. அவர் கத்தியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுந்தபோது, ஓலை அடுத்த ஞாயிறும் வாசிக்கப்படாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வாரம் நீ சோறு தின்னவில்லை என்று ஊரில் சொன்னேன். கொஞ்சம் தின்றாய். ஆனால் உன் சித்தி வைத்ததைத் தின்னாமல் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவளும் உன்னைச் சந்தேகப்படுகிறாளா என்று பார்த்தாய். அவள் சந்தேகப்படவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது, அதனால்தான் இந்த வீட்டில் அவளுக்கும் சேர்த்து நான் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டிலும் ஒருத்தி சும்மா இருக்கவில்லை. பங்களாக் குசினிக்குப் போக முடியாத கத்தியைப் பட்லர் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். மரியபுஷ்பம் அதை எடுத்து மீன் நறுக்கி, குழம்பு வைத்து, அப்பனுக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டுச் சொன்னாளாம்: "அப்பா, திருட்டுக் கத்தில வெட்டின மீன நீங்களும் தின்னுட்டிய. இப்ப ரெண்டு பேருந்தான் சாமியாருட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும்." இதை அவள் அம்மாவே உன் சித்தியிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் பட்லர் அசையவில்லை. சிரிக்க வைக்கிறவர்கள் மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு, என்னைப் போலவே.

அப்புறம்தான் நான் களத்தில் இறங்கினேன். பட்டறையைத் தரையிலிருந்து கூரை வரைக்கும் தலைகீழாகப் புரட்டினேன். அடைகல்லையே பெயர்த்தேன், நாலு ஆள் தூக்குகிற கல். உலையின் பின்சுவரில், எலி வளைக்குப் பக்கத்தில், துருவேறிக் கிடந்தது அந்தத் துண்டு. சனிக்கிழமை அதைத் தோளில் வைத்து மேலே துவாலையால் மறைத்துக்கொண்டு பட்லர் வீட்டுக்கு நடந்தேன். வழியில் அந்தப் போலீஸ்காரர் எதிரில் வந்தார். நான் மீசையைத் தடவின தடவலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனார்.

பட்லர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். துண்டைத் துடைத்தார், மோந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். கத்தியையும் துண்டையும் பலகை மேல் வைத்து வெட்டின வாயோடு வாய் சேர்த்தார். இந்தப் பக்கம் கத்தியில் ஒரு அம்பு, அந்தப் பக்கம் துண்டில் ஒரு அம்பு. மூக்கோடு மூக்கு. மரியபுஷ்பம் வாசலில் பாதி முகம் தெரிய நின்றாள். அவர் இரண்டையும் பிரித்து, மறுபடி சேர்த்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டே, "நான் பொண்ணப் பெத்தவன் அண்ணாச்சி, கேட்டது தப்பா?" என்றார்.

"கேக்காம இருந்தாத்தான் தப்பு," என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன நியாயமான பேச்சுகளில் அது ஒன்று.

மறுநாள் சாமியார் இரண்டாவது ஓலையை வாசித்தார். அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. கல்யாணத்துக்குக் கயத்தாறு தாண்டியெல்லாம் ஆள் வந்தார்கள். அந்தத் துண்டை மரியபுஷ்பம் அவள் அப்பாவிடமிருந்து கேட்டு வாங்கி, துணியில் சுற்றி நகைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் திருடன் இல்லை என்பதற்குச் சாட்சி என்று யார் வந்தாலும் எடுத்துக் காட்டினாள். நீயும் அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்த்தினாய். என்னைப் பார்த்தும் நிமிர்த்தினாய். சித்தப்பா என்னை நம்பித் தேடி எடுத்துக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொன்னாய்.

மகனே, கப்பலில் படித்துக் காட்டுவதை இங்கே நிறுத்திக்கொள். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல். கதை முடிந்துவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது, அவர்கள் நல்ல கதைதான் என்று எழுந்து போய்விடுவார்கள். மீதியை மரியபுஷ்பத்தோடு சேர்ந்து மனசுக்குள் படி.

நேற்று நீங்கள் பெட்டி கட்டும்போது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். கத்தியை உள்ளே வைத்தாள். பக்கத்திலேயே அந்தத் துண்டையும் வைத்தாள். கொழும்பில் சுங்கக்காரன் கத்தியைப் பார்த்து அம்பைக் கேட்டால் இதைக் காட்டலாம் என்றாய். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், "மழை வரும் போல இருக்கு" என்றேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம். கொழும்புச் சுங்கத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேள்வி. உன் மாமனார் பட்டாளத்தில் சட்டி தூக்கினவர்தான். அவர்கள் அந்த முத்திரையைத் தங்கள் கையாலேயே அடித்தவர்களாகக்கூட இருப்பார்கள். அவர்களிடம் அந்தத் துண்டைக் காட்டாதே. கப்பல் ஆழத்துக்குப் போனதும் அதை எடுத்துக் கடலில் போட்டுவிடு. கத்தியில் உள்ள அம்பையும் இறங்குவதற்கு முன்னால் அரத்தால் தேய்த்துவிடு. அன்றைக்கு நீ அதைச் செய்கிறேன் என்றாய், நான்தான் விடவில்லை.

அந்தத் துண்டு எலி வளைக்குப் பக்கத்தில் கிடக்கவில்லை. பட்லர் அம்பைப் பற்றிச் சொல்லி வாய் மூடுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது அது எங்கே கிடக்கிறது என்று. நான் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தேன். நீ உள்ளே தேடப் போனதும், பட்லர் கண் உன் பின்னாலேயே போயிருந்தபோது, மெல்லக் காலால் இழுத்துப் பார்த்தேன். அதில் அம்பு இல்லை. இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ உள்ளே ஆணிப் பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உளி விழுந்த இடத்தில் இரண்டாவது அம்பு இருந்து, சூட்டில் நசுங்கிப் போயிருக்கலாம். அப்படி எத்தனையோ முத்திரை போனதை நான் பார்த்திருக்கிறேன். இல்லாமலே இருந்திருக்கவும் செய்யலாம். முத்திரையை அழிச்சிரட்டுமா என்று நீ எதற்குக் கேட்டாய் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்தது. அழகுக்காகக் கேட்டிருப்பாய். வேறு எதற்காகவும் கேட்டிருக்கலாம். மூன்று நாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். எண்ணெய் கசிந்த மாதிரியும் இருந்தது, கசியாத மாதிரியும் இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், நீ உப்பளத்துக்குப் போயிருந்தபோது, உன் சித்தி கண்ணயர்ந்ததும், துண்டைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, சின்ன உளியை எடுத்து அந்த அம்பை நானே அடித்தேன். மூன்று வெட்டு, கோழிக்கால் மாதிரி. பட்டாளத்தார் அடித்ததைவிட நேராக வந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளி மாதிரி மின்னியது. முத்தையாபுரம் போகிற வழியில் உப்பளத்து வரப்புச் சேற்றில் புதைத்து வைத்தேன். நம் உப்புக்கு எந்த இரும்பையும் பழசாக்கத் தெரியும். சனிக்கிழமை எடுத்தபோது அந்த அம்புக்கு யுத்தத்துக்கு முந்தின வயசு. சந்தேகமே தொழிலாக இருக்கிற உன் மாமனார் மோந்து பார்த்து, சுரண்டிப் பார்த்து, நம்பிவிட்டார். இதைப் பெருமையாகச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்லாமல் இத்தனை நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உன்னை நம்பித்தான் அடித்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் நம்பி அடித்தேனா, நம்பாமல் அடித்தேனா என்று எனக்கே தெரியாது. அந்த ஞாயிறு நீ கோவிலில் முன்னால் போய் நிற்க வேண்டும், சாமியார் உன் பெயரை வாசிக்க வேண்டும், அது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

மீரான் காக்கா கோழிக்கோட்டிலிருந்து வந்துவிட்டார் என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ தடவை அவரைப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் எல்லாரையும் விசாரிக்கிறவன் நான், அந்தப் பட்டையைக் கொடுத்தது நீர்தானா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். போன வாரம்கூட அவர் கடை வாசலில் போய் நின்றேன். பழைய சங்கிலிகளைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "என்ன வே, ஏதோ கேக்க வந்தாப்புலல்லா நிக்கிய?" என்றார்.

வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.